செத்தவனை எத்தனை வாட்டிடா சாவடிப்ப?

டேய் நைனா, ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடி தூக்கிக்கினு திருத்தணி மலை ஏறுது. நீ மெட்ராஸ்லேர்ந்து வந்து திண்ணையில குந்திக்கினு ‘கில் மைனஸ் நைன், கில் மைனஸ் நைன்’னு தட்டிக்கினே இருக்கற. எதிர்ல ‘டிஃபங்க்ட்’னு வரிசை கட்டி நிக்குது. அதெல்லாம் இன்னான்னு தெரியுமா? ஏற்கெனவே செத்துப்போன புரோசஸ். செத்தவனை எத்தனை வாட்டிடா சாவடிப்ப?

கெழவனுக்கு இன்னா தெரியும்னு பாக்கறியா? 2011-ல கவர்மெண்ட்டு குடுக்க ஆரம்பிச்ச எலவச லேப்டாப்புல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் வந்துச்சே, சென்னை சி-டாக்குல டெபியனை வெச்சுக் கட்டுனது? நீங்கல்லாம் விண்டோஸ்ல சினிமா பாத்தீங்க. மிச்சம் கெடந்ததை நான் தட்டிப் பாத்தேன். கரண்ட் போனா பவர்லூம் நின்னுடும், லேப்டாப்புல பேட்டரி இருக்கும்.

கேளு. புரோசஸ் ஒண்ணு ஃபோர்க் பண்ணிப் புள்ளை பெக்குது. புள்ளை வேலை முடிச்சு எக்ஸிட் ஆவுது. அது எப்படிப் போச்சுன்னு அப்பன் வெயிட் போட்டுக் கேக்கணும். 1971-ல வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டுலயே இந்த மூணும் இருக்குது. உனக்கு மூணாவது மட்டும் மறந்து போவுது. பெத்துப் போடறதுல ஒரு கொறையும் வெக்கறதில்ல.

பொதட்டூர்பேட்டையில நூல் குடுக்கற முதலாளியோட கணக்கு நோட்டைப் பாத்திருப்ப. நெசவுக்காரன் துணியை அறுத்துக் குடுத்துட்டு, தறியைக் காலி பண்ணிட்டுப் போயிருப்பான். முதலாளி பாத்து எழுதி அடிக்கற வரைக்கும் அவன் பேர்ல வரி தொறந்தே கெடக்கும். உன் டிஃபங்க்ட் அந்த வரிதான். மெமரியை விட்டாச்சு, ஃபைலெல்லாம் மூடியாச்சு. நம்பரும் சாவுச் சேதியும் மட்டும் கர்னல்ல பாக்கி. ஒரு வரிதானேன்னு தூங்கிடாத. லினக்ஸ் கர்னல் தானா வெக்கற நம்பர் வரம்பு வழக்கமா 32768தான். ஏத்தி வெச்சா தவிர. அத்தனையும் செத்தவங்க பேர்ல போயிட்டா புதுசா ஒண்ணும் பெக்க முடியாது.

சேதியில இன்னா இருக்கும்? தானா முடிஞ்சா 0-லேர்ந்து 255-க்குள்ள ஒரு நம்பர், 0-ன்னா சொகம். வெட்டுப்பட்டுச் செத்தா எந்த சிக்னல்னு வரும். 11-ன்னா தொடக் கூடாத மெமரியைத் தொட்டிருக்கான். ஷெல்லு 128-ஐக் கூட்டி 139-ன்னு சொல்லும். 137-ன்னா 9-ம் நம்பர் வெட்டு. பல வாட்டி மெமரி தீந்துபோய் கர்னலே போட்டிருக்கும். நீ பெரிய புத்திசாலி, எத்தனை தப்புன்னு எண்ணி அதையே எக்ஸிட் நம்பரா அனுப்பற. எட்டு பிட்டுக்கு மேல அப்பனுக்குப் போவாதுடா. சரியா 256 தப்பு பண்ணிப் பாரு, அங்க 0-ன்னு விழும். அப்பன் சொகம்னு நெனைச்சுக்கினு சும்மா இருப்பான்.

புள்ளை போச்சுன்னு அப்பனைத் தட்டி எழுப்ப சிக்சைல்டுன்னு ஒரு சிக்னல் இருக்குது; உன் லேப்டாப்புல அது 17-ம் நம்பர். உன் மாட்டம் படிச்சவனுங்கதான் இதுல வழுக்கி விழறானுங்க. இந்த சிக்னல் வரிசையில நிக்காது. அஞ்சு புள்ளை ஒண்ணாப் போனாலும் அப்பன் கதவை ஒரு வாட்டிதான் தட்டலாம். ஒரு சிக்னலுக்கு ஒரு வெயிட்னு எழுதுனா மிச்ச நாலு பேரும் நோட்டுலயே நிப்பானுங்க. வெயிட்பிட்டை டபிள்யூநோஹேங்கோட போட்டு, இனி செத்தவன் யாரும் இல்லன்னு பதில் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேளு. தட்டுனது எத்தனைன்னு எண்ணாத.

கேக்கறதுக்கே சோம்பலா? சோம்பேறிக்கும் வழி வெச்சிருக்கானுங்க. சும்மா கண்டுக்காம இருக்கறது வேற, ‘இந்தச் சேதி எனக்கு வேணாம்’னு சிக்இக்ன் போட்டு எழுதிக் குடுக்கறது வேற. எழுதிக் குடுத்துட்டா கர்னலே வரியை அடிச்சுடும். அப்பால எவன் சொகமாப் போனான், எவன் வெட்டுப்பட்டான்னு கேட்டுக்கினு வராத.

இப்ப கொல்ல ஆசையா இருந்தா அப்பனைக் கொல்லு. அவன் போனா அனாதைங்களை ஒண்ணாம் நம்பர் புரோசஸ் ஏத்துக்கினு, வெயிட் போட்டு, கணக்கை முடிக்கும். ஆனா நீ எல்லாத்தையும் டாக்கர்ல அடைச்சு வெச்சிருக்கியே, அங்க ஒண்ணாம் நம்பர் யாரு? நீ எழுதுனவனேதான்! பெத்ததையே திரும்பிப் பாக்காதவன் அடுத்தவன் அனாதைக்கா காரியம் பண்ணப் போறான்? 2017 ஜனவரியில வந்த டாக்கர் 1.13-லேர்ந்தே, ரன் பண்றப்ப இனிட்னு சேத்துட்டா டினின்னு ஒரு பொடியன் வந்து அந்த எடத்துல குந்திக்கினு கணக்கை அடிச்சுடுவான். கோடு ரெண்டு, எழுத்து நாலு. அதைத் தட்டறதுக்குள்ள உனக்குக் கை நோவுதாடா?