வாயு பக்ஷண விசாரம்

யாதொரு காரியமும் யாதொரு அவசரமும் இன்றி, கால் போன போக்கில் ஊர் சுற்றி வருவதை மலாய் மொழியில் 'மாக்கான் ஆங்கின்' என்பர். மாக்கான் என்பது உண்ணல். ஆங்கின் என்பது காற்று. காற்றையே ஆகாரமாகக் கொண்டு ஜீவிப்பது தபஸ்விகளுக்கும் சர்ப்பங்களுக்கும் மட்டுமே வாய்த்த சாமர்த்தியம் என்று நம் புராணங்கள் கூறிக்கொண்டிருக்க, அதனைக் குடும்பத்தோடு அனுஷ்டிக்கத்தக்க எளிய விரதமாக ஆக்கிவைத்தவர் மலாய் மக்களே. தமிழராகிய நாமோ காற்று வாங்கப் போகிறோம்; வாங்கிய காற்றை என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி நம் மொழி மௌனம் சாதிக்கிறது. வாங்கும் தமிழன் உண்ணும் நாட்டிற்கு வந்து சேர்ந்தால் விளைவு யாது என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வுக்கு வாய்த்தவன் என் தமக்கையின் மகன். கும்பகோணத்திலிருந்து கணினி வேலைக்காகக் கோலாலம்பூருக்கு வந்து ஐந்து வாரமே ஆனவன். 2025இல் தேசிய தினமாகிய ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து, அதற்கு ஈடாகத் திங்களும் விடுமுறையானபடியால், முழுதாக மூன்று நாட்கள் என் கைக்கு அகப்பட்டான்.

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் தொடங்கினோம். அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக நின்ற கோலாலம்பூரை 1881இல் முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் அழித்துவிட, இனிக் கட்டுவதைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுக என்று ஸ்வெட்டன்ஹாம் துரை பிறப்பித்த ஆணையையும், அச்செங்கல்லைச் சுட்ட சூளைகள் நின்ற இடத்திலேதான் நாம் இன்று மல்லிகைச்சரமும் முறுக்கும் வாங்குகிறோம் என்னும் உண்மையையும் நான் விஸ்தரித்துக்கொண்டு வருகையில், மருமகன் 'மாமாக்' எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடை ஒன்றின் முன் நின்றுவிட்டான்.

"தம்பி, பசியாறிட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நேத்து ராத்திரியே ஆறிடுச்சுங்க" என்றான் இவன். பசியாறுதல் என்பது இந்நாட்டில் காலைச் சிற்றுண்டியைக் குறிக்கும் என்பதை நான் இடையில் புகுந்து விளக்க வேண்டியதாயிற்று.

அதைவிடக் கடினமானது தேநீரின் இலக்கணம். பகுதி ஒன்றே: தே. விகுதி ஏதும் சேராவிடில் அது கட்டிப்பால் கலந்தது. 'ஓ' சேரின் பால் நீங்கிச் சர்க்கரை நிற்கும். 'ஓ கோசோங்' எனின் இரண்டும் கெடும். 'சி' எனின் கட்டிப்பாலின் இடத்தில் நீர்த்த டின் பால் தோன்றும். 'ஐஸ்' எதனோடும் புணரும். கட்டிக்கொண்டு போக விரும்புவோர் 'பூங்குஸ்' என்று சொல்லி வாக்கியத்தை முடிப்பர். கோசோங் என்பதன் பொருள் வெறுமை. சர்க்கரையற்ற தேநீரும் கோசோங்; முட்டையும் வெங்காயமும் புகாத ரொட்டியும் கோசோங்; தொலைபேசி எண்ணில் வரும் பூஜ்யமும் கோசோங். இவ்வூர்த் தேநீர்க் கடைக்காரர்கள் நாகார்ஜுனரின் சூனியவாத பரம்பரையினர் என்று நிறுவுவதற்கு இதுவே போதுமென எனக்குத் தோன்றியது. பிரிக்பீல்ட்ஸிலேயே 1894 முதல் பௌத்த மகாவிகாரம் ஒன்று இருப்பது என் துணிவுக்குத் துணை நின்றது. அது சிங்களவர் நிறுவிய தேரவாத விகாரம், சூனியவாதத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும், அக்கொள்கையை ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

கணக்கு வந்தபோது மருமகனின் உதடுகள் அசைந்தன. வெள்ளி என்று நம்மவர் வழங்கும் ரிங்கிட்டை இருபதால் பெருக்கி ரூபாயாக்கிப் பெருமூச்சு விடும் இவ்வியாதி புதிதாய் வந்தவர் அனைவரையும் பீடிப்பது. ஆறாம் மாதத்தில் தானே தணியும். முதல் முறை ஊருக்குத் திரும்புகையில் வகுத்தல் வியாதியாக உருமாறும்.

அன்று அவன் உண்ட காற்று பூஜ்யம். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே மூன்றே பாகையில், பள்ளத்தாக்கொன்றில் அமர்ந்திருக்கும் இந்நகரில், காற்று என்பது பெரும்பாலும் அங்காடிகளுக்குள்ளே இயந்திரங்களால் உற்பத்தி செய்யப்படும் ஒரு பண்டம். 452 மீட்டர் உயர்ந்த இரட்டைக் கோபுரத்தை, தரையில் மல்லாந்து படமெடுத்தபடி அவன் தரிசித்தது நான்கு நிமிஷம். அதன் அடியிலுள்ள அங்காடியில் தங்கியது நான்கு மணி நேரம்.

ஞாயிறன்று கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமூட்டர் ரயிலேறிப் பத்துமலைக்குப் போனோம். அடுத்த நிலையமே, 1910இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய ரயில் நிலையம். "இது எந்தப் பள்ளிவாசல் மாமா?" என்றான், அதன் கும்மட்டங்களைக் கண்டு. அவன்மீது குற்றமில்லை, இதற்கு வரைபடம் இட்ட ஹப்பக் துரையே, முந்திய ஆண்டு எழுந்த மஸ்ஜித் ஜாமேக்கிற்கும் இட்டவர்.

தம்புசாமிப் பிள்ளை முருகனை எழுந்தருளச் செய்த பத்துமலைக் குகைக்குப் படிகள் 272 என்பது உலகறிந்த கணக்கு. மருமகன் எண்ணியதோ 269. நூல் வழக்கிற்கும் கண்கூடான பிரமாணத்திற்கும் முரண் நேருமிடத்து எதனைக் கொள்வது என்று நான் தடுமாறிய பின்னரே, நடுவழியில் ஒரு குரங்கு அவன் கையிலிருந்த வாழைப்பழத்தோடு எண்ணிக்கையையும் பிடுங்கிக்கொண்டு போனது தெரியவந்தது. மேலே, கூரை பிளந்து வானம் தெரியும் அந்தச் சுண்ணாம்புக் குகையினுள் குளிர்ந்த காற்று மெல்ல இறங்கியது. உண்பதற்கு இதனினும் உத்தமமான இடமில்லை. ஆனால் அவன் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வாங்குகிறவனால் அதே சமயத்தில் உண்ண இயலாது.

திங்களன்று கிள்ளான். ஈயத்தை ஆற்றுத்துறைக்குச் சேர்ப்பதற்காக 1886இல் புக்கிட் கூடாவரை போடப்பட்டு, 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளானை எய்திய இருப்புப்பாதையின் வழியே, ஈயத்தினும் கனமாகப் பசியாறியிருந்த நாங்கள் போனோம். தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடைகளையும் பூக்கடைகளையும் ஒலிபெருக்கிப் பாடல்களையும் கண்டு, "இதுக்கு நான் கும்பகோணத்துலயே இருந்திருக்கலாமே மாமா" என்றான். என்றாலும் வாழையிலைச் சோற்றை இருமுறை கேட்டு வாங்கிக்கொண்டான்.

பாதை முடியும் துறைமுகத்தில் இறங்கினோம். 1901இல் ஸ்வெட்டன்ஹாமின் பெயரோடு திறக்கப்பட்டு 1972இல் கிள்ளான் துறைமுகமாக மாறியது அது. நிலையத்தை ஒட்டிய படகுத்துறையில், பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போகும் படகுகள் ஆடிக்கொண்டிருக்க, மூன்று நாளாக நான் தேடிய காற்று, மலாக்கா நீரிணையிலிருந்து, உப்பும் மீன்வாடையும் கலந்து, தாராளமாகவும் இலவசமாகவும் வீசியது. நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"மாமா, காத்து ரொம்ப அடிக்குது. உள்ள போய் உக்காரலாமே" என்று சொல்லிக்கொண்டே மருமகன் கடைக்குள் நுழைந்துவிட்டான். "தே ஓ கோசோங், ரெண்டு" என்பது என் செவியில் விழுந்தது. ஐஸா, சூடா என்று உள்ளேயிருந்து யாரோ வினவியதற்கு, என் பக்கம் திரும்பாமலே, "பானாஸ்" என்றான்.