எடைக்குப் போன ராட்டினம்

மும்பையில் ஒரு பெரிய நிலத்தை முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமா? நாய் கட்டலாம், கடித்தால் கேஸ் ஆகும். கோயில் கட்டலாம், அப்புறம் சாமியைக் கிளப்ப முடியாது. ஆகச் சிறந்த வழி ராட்டினம் நடுவதுதான். ராட்டினம் வாடகைச் சட்டம் பேசாது. மாற்று வீடு கேட்டு மோர்ச்சா போகாது. நிலத்துக்கு விலை முற்றும்வரை பிள்ளைகளைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும். முற்றிய அன்று பழைய இரும்பு வாங்கும் பங்கார்காரனிடம் எடைக்குப் போய்விடும். இவ்வளவு நல்ல குடித்தனக்காரனை மாஹிம் சால்களில் ஒரு வீட்டுக்காரரும் பார்த்திருக்க மாட்டார்.

கோராய் எஸ்ஸெல்வேர்ல்டை மனதில் வைத்துக்கொண்டு சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அங்கே எல்லாம் நல்லெண்ணத்தோடுதான் நடந்தது. சோவியத் யூனியனுக்கு அரிசி அனுப்பியும் பற்பசை டியூப் செய்தும் வளர்ந்த சுபாஷ் சந்திராவின் எஸ்ஸெல் குழுமம் அதை 1989-ல் திறந்தது. அவருடைய ஜீ டிவியே பிறக்காத காலம்; அது வந்தது 1992-ல். தொண்ணூறுகளில் டிவியைத் திறந்தால் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று பாட்டாகவே பாடி அடம்பிடிக்கும் அந்த விளம்பரம் வரும். மாஹிம், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் அதைப் பாடியே அப்பன்மாரின் போனஸைக் கரைத்தார்கள். மாஹிமில் லோக்கல் ஏறி, போரிவலியில் இறங்கி, பஸ் பிடித்து, ஜெட்டியில் நின்று, படகில் கழிமுகத்தைக் கடந்தால் எஸ்ஸெல்வேர்ல்ட். நடுவில் பாலம் கிடையாது. மாஹிம் வளைகுடாவின் மேல் ஸீ லிங்க் வந்தது, மலபார் ஹில்லுக்கு அடியில் சுரங்கம் வந்தது. போரிவலிக்கும் கோராய்க்கும் நடுவில் ஒரு பாலம் மட்டும் இன்றுவரை வரவில்லை. அந்தக் கரையில் இருப்பவர்கள் மீனவர்களும், கத்தரிக்காய் போடுகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் பிள்ளைகளும். பாலத்தில் கார் போக வேண்டாமா?

அந்தத் தீவுக்கும் தாராவி என்றுதான் பேர். தாராவி பேட் என்பார்கள். நம்ம தாராவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ராசியில் தவிர. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் கோராய், மனோரி, உத்தன் கிராமங்களை வளைத்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஒரு திட்டம் கிளம்பியது. முன்மொழிந்தது ராட்டினங்களை நடத்திய அதே பான் இந்தியா பர்யடன் நிறுவனம். ஒரு ஜயண்ட் வீலின் உச்சியில் உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கோலி மீனவர்களும் கிழக்கிந்தியக் கிறிஸ்தவர்களும் கூடி எதிர்த்தார்கள், திட்டம் படுத்தது. பக்கத்திலேயே, சுபாஷ் சந்திரா கொடுத்த நிலத்தில், எட்டாயிரம் பேர் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிற மாபெரும் விபாசனா பகோடா எழுந்தது. 2009-ல் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் வந்து திறந்தார். ஒரு பக்கம் அலறல், ஒரு பக்கம் மௌனம். இப்போது இரண்டு பக்கமும் மௌனம்.

2016-ல் மாநிலங்களவைக்குப் போன சுபாஷ் சந்திரா, 2019 ஜனவரியில் கடன் கொடுத்தவர்களிடம் பகிரங்கக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். ஏறியது இறங்கும் என்பது ராட்டினக் கம்பெனிக்குத் தெரியாததா? அடுத்த வருஷம் கொரோனா. 2022-ஓடு எஸ்ஸெல்வேர்ல்டின் ராட்டினங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் வாட்டர் கிங்டம் மட்டும் ஓடுகிறது. கொரோனாவுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், எஃகைக் கண்டால் வெறுப்பு என்று வைத்துக்கொள்வோம். டாப் ஸ்பின்னும் ஷாட் அண்ட் டிராப்பும் ஒரு தலைமுறையின் வயிற்றைக் கலக்கியவை. அவற்றுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட மாஹிம் சுவரில் ஒட்டவில்லை. வார்டு செயலாளரின் மாமியாருக்கு நாலு வண்ணத்தில் ஒட்டுகிறார்கள்.

செத்த ராட்டினத்தை என்ன செய்வார்கள்? இதைக் கேட்கத் தாராவியைவிடத் தகுந்த இடம் உலகத்தில் இல்லை. பழைய மேளா ராட்டினங்களைக் கழித்துக்கட்டிய அனுபவமுள்ள திருநெல்வேலிக்காரர் ஒருவர் சொன்னார்: “இரும்பு ஒரு ரேட்டு, மோட்டாரு ஒரு ரேட்டு, செம்புக் கம்பி ஒரு ரேட்டு. இந்தக் குதிரைய எவன் எடுப்பான் அண்ணாச்சி? உருக்குனா உருகாது, எரிச்சா நாறும்.” அவர் சொன்ன குதிரை ஃபைபர் கிளாஸ் குதிரை. ஒருமுறை இறுகிய ரெசினை மறுபடி இளக்க முடியாது. பால்பாயின்ட் பேனாவிலிருந்து ஆஸ்பத்திரி சிரிஞ்ச்வரை பிரித்துக் காசாக்கும் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கே இந்தக் குதிரையிடம் தோல்விதான். இரும்பின் கதை வேறு. அது உலைக்குப் போய் டிஎம்டி கம்பியாகத் திரும்பி வரும். எந்தக் கோபுரத்தின் பதினேழாவது மாடிக்குள் அது படுத்திருக்கிறது என்று யார் கண்டது? அந்த மாடியில் ஃபிளாட் வாங்கியவருக்குக் கிளப் ஹவுஸ், குழந்தைகள் விளையாடப் பத்தடிக்குப் பத்தடி ரப்பர் தரை, இரண்டு பிளாஸ்டிக் சறுக்கு.

தலைநகரத்துக் கதை இன்னும் மரியாதையானது. 1982 ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி அப்புவின் பெயரில் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி டெல்லியில் அப்பு கர் திறந்தார். 2008 பிப்ரவரியில் மூடினார்கள். அந்த இடத்தில் உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடம் வந்தது. 12 ஏக்கருக்கு மேல், 885 கோடி ரூபாய், 2019 ஜூலையில் திறப்பு விழா. புகார் சொல்ல எனக்கு வாயில்லை. ராட்டினம் போய் நீதிமன்றம் வந்ததால் சுற்றுவது நின்றுவிட்டது என்று எந்த வாதியாவது சொல்வாரா? முன்பு டிக்கெட் வாங்கினால் ஐந்து நிமிஷம் சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். இப்போது வக்காலத்து போட்டால் இருபது வருஷம் சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுகிறார்கள்.

வியன்னாவில் 1897-ல் எழுந்த ராட்சச ராட்டினம் ஒன்று இன்றும் சுற்றுகிறது. 1916-ல் அதை இடிக்க அனுமதி வாங்கியாயிற்று; இடிக்கக் காசில்லாததால் பிழைத்தது. 1944-ல் போரில் எரிந்தது. ஊரே பட்டினி கிடந்த காலத்தில் அதைத் தூக்கி நிறுத்தி, முப்பது பெட்டிக்குப் பதினைந்தை மாட்டி, 1947-ல் மறுபடி சுற்ற விட்டார்கள். அந்த ஊருக்கு அமைந்தது இடிக்க வழியில்லாத வறுமை. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இங்கே பள்ளிக்கூடக் கூரைக்குக் காசிருக்காது, ஆஸ்பத்திரிப் படுக்கைக்குக் காசிருக்காது. இடிப்பதற்கு மட்டும் எந்த அரசிடமும் எந்த வருஷமும் காசு இல்லாமல் போனதில்லை.

பூங்கா போனால் போகட்டும், ஆபத்துதானே குறைந்தது என்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டைப் பார்க்கச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்துக் கிஷ்கிந்தாவை எழுப்பியவர் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன். 2016 மே மாதம் சோதனை ஓட்டத்தில் ராட்டினம் ஒன்று சரிந்து அங்கே ஓர் ஊழியர் செத்தார். பூந்தமல்லிப் பக்கம் ஈவிபி பூங்காவில் 2012-ல் ஓர் இளம்பெண் ராட்டினத்தில் உயிரிழந்தார். பூங்கா பிறகு ஃபிலிம் சிட்டி ஆயிற்று. 2020 பிப்ரவரியில் அங்கே ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். பலகையில் பேர் மாறியது. மேலே தொங்கும் இரும்புக்குக் கீழே கூலிக்கு நிற்பவன் மாறவில்லை.

அகமதாபாத் காங்கரியாவில் 2019 ஜூலையில் ஊஞ்சல் ராட்டினம் முறிந்து இரண்டு பேர். ராஜ்கோட் கேம் ஸோனில் 2024 மே 25 அன்று 27 பேர்; அவர்களில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. கோடை விடுமுறை, வாரக்கடைசி, 99 ரூபாய்ச் சலுகை டிக்கெட். தகரக் கொட்டகை, தீயணைப்புத் துறைத் தடையில்லாச் சான்று கிடையாது. மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று குஜராத் உயர் நீதிமன்றமே சொன்னது. உண்டாக்கிய மனிதர் யார் என்றால் மேனேஜர், பார்ட்னர், சில அதிகாரிகள். பிறகு மாநிலம் மாநிலமாகச் சோதனை. கிடைத்த பூட்டையெல்லாம் எடுத்துவந்து பிள்ளைகள் விளையாடுகிற இடமாகப் பார்த்து மாட்டினார்கள். போல்ட்டைச் சோதிக்க இன்ஸ்பெக்டரை அனுப்பச் சொன்னால் போலீஸ்காரரைப் பூட்டோடு அனுப்புகிற அரசாங்கம் இது. திறந்திருக்கும்போது எவனும் பார்ப்பதில்லை. செத்த பிறகு மூடுகிறான். மூடிவிட்டு, பாதுகாப்பு உறுதி செய்யப்பட்டது என்று அறிக்கை விடுகிறான்.

மாஹிமுக்கு வருவோம். 1431-ல் மறைந்த மக்தூம் அலி மாஹிமியின் தர்காவில் டிசம்பர் தோறும் உருஸ். முதல் சந்தனம் மும்பை போலீஸுடையது; பேண்டு வாத்தியம் முழங்க ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். பத்து நாள் மேளா, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம். ரேத்தி பந்தர்ப் பக்கம் ஜயண்ட் வீலும் கொலம்பஸ் கப்பலும் லாரியில் வந்து இறங்கும். அல்வா பராட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு தாராவிப் பிள்ளைகளும் கோலிவாடாப் பிள்ளைகளும் பாந்த்ரா கிழக்குப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். எஸ்ஸெல்வேர்ல்ட் போனது, அப்பு கர் போனது. கோடிகளும் குழுமங்களும் காப்பாற்ற முடியாத ராட்டினத்தை ஒரு ஃபக்கீர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய சூட்சுமம் எளிது. மேளாக்காரன் பேரில் ஒரு சதுர அடி நிலம் கிடையாது. பத்தாம் நாள் நட்டைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவான். எதை விற்பது, எதை வளைப்பது?

இதைப் பார்த்து அரசாங்கத்துக்கும் ஆசை வந்தது. 2020 தொடக்கத்தில் அன்றைய துணை முதல்வர் அஜித் பவார் வாயால் ‘மும்பை ஐ’ அறிவிப்பு வந்தது. லண்டனில் இருப்பதைப்போல ஒரு ராட்சச ராட்டினம், மாஹிம் வளைகுடாவின் நேர் எதிர்க்கரையில், பாந்த்ரா ரெக்ளமேஷனில். மறு வருஷம் மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்எம்ஆர்டிஏ ஆலோசகர் தேடியது. ராட்டினம் இன்னும் வரவில்லை. அந்த ரெக்ளமேஷனில் 24 ஏக்கருக்கு 2024 மார்ச்சில் அதானி ரியால்டி வந்துவிட்டது. தாராவியின் சுமார் 600 ஏக்கரை இடித்துக் கட்ட 5,069 கோடிக்கு ஏலம் கேட்டு 2022-லேயே வந்தவர்களும் அவர்களே. கரைக்கு இந்தப் பக்கமும் அவர்கள், அந்தப் பக்கமும் அவர்கள். நடுவில் இருக்கும் மீத்தி நதிச் சாக்கடை மட்டும் இன்னும் பொதுச்சொத்து.

மகாலக்ஷ்மி ரேஸ் கோர்ஸில் 211 ஏக்கரில் 120 ஏக்கரை எடுத்து உலகத்தரத் தீம் பார்க் அமைப்போம் என்றார்கள். தீம் பார்க் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஊர்க்காரர்கள் பதறினார்கள். நிலம் காணாமல் போவதற்கு முந்தைய ஸ்டேஷன் அது என்று மும்பைக்காரனுக்குத் தெரியாதா? உடனே சென்ட்ரல் பார்க் என்று பேரை மாற்றினார்கள். கட்டடமே வராது என்று சத்தியம் செய்தார்கள். தலைக்கு ஒன்றேகால் சதுர மீட்டர் அளவில் திறந்தவெளி வைத்திருக்கிற ஊர், ஒரு பூங்கா வருகிறது என்றால் கையெழுத்து வேட்டை நடத்தித் தடுக்கப் பார்க்கிறது. அரசாங்கத்தின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை இதைவிடத் துல்லியமாக அளக்க எந்தக் கருத்துக்கணிப்பாலும் முடியாது.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தாராவி ஓரத்தில் மாஹிம் நேச்சர் பார்க் என்று நாம் சொல்லும் 37 ஏக்கர் காடு ஒரு காலத்தில் மாநகராட்சிக் குப்பைமேடு. அதை மூடி மரம் வைத்து 1994-ல் திறந்தார்கள். குப்பையைப் பூங்காவாக்கத் தெரிந்த அதே அரசாங்கம் 2024-ல் தாராவிக்காரர்களைக் குடியமர்த்தத் தேவ்னார் குப்பைக்கிடங்கில் 124 ஏக்கரை ஒதுக்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன் வந்ததாகக் காகிதம் காட்ட முடியாமல் தாராவிக்குள் வீடு கிடைக்காதவனின் பிள்ளை எங்கே விளையாடும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். பல மாடி உயரத்துக்கு மலை, அடிக்கடி தானே பற்றிக்கொள்ளும் தீ, வானம் முழுக்கப் பருந்து. டிக்கெட் இலவசம். அன்றைக்கு விளம்பரத்துப் பையன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தான், ஊரே சிரித்தது. இன்றைக்குத் தாராவிக்காரன் வீட்டைவிட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள்.

ஆகவே எம்எம்ஆர்டிஏ அதிகாரிகளுக்கு மாஹிம் வாசிகள் சார்பில் ஒரு விண்ணப்பம். ‘மும்பை ஐ’ கோப்பு, வரைபடம், ஆலோசகர் கடிதம் என்று அலமாரியில் இருப்பதையெல்லாம் மூட்டை கட்டித் தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவையுங்கள். ஒரு வட்டம்கூடச் சுற்றாத ராட்டினம் என்பதால் தேய்மானக் கழிவு பிடிக்க மாட்டார்கள். ரத்திப் பேப்பர் விலை நல்ல விலைதான். வருகிற காசில் இரண்டு போல்ட் இன்ஸ்பெக்டரை வேலைக்குப் போடுங்கள். டிசம்பரில் மேளா இருக்கிறது.