ஒரு குடத்துக்கு அறுபத்திரண்டு

அம்மா சொம்பை நீட்டியதும் அந்த அம்மையார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அடியில் சீரகம் படிந்திருந்தது. கொஞ்சம் தயங்கினார். பிறகு சொம்பை மெதுவாகத் திண்ணையில் வைத்துவிட்டு, தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

அவர் எதிரில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைக்குள் போனதும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டி, நம்ம வீட்டுத் தண்ணி அவ்வளவு அசிங்கமா?"

அப்போது எனக்கு இருபது வயது. 1980களின் கடைசி. கணிதமேதை ராமானுஜனின் நூற்றாண்டு விழாப் பேச்சு எங்கள் கல்லூரியில் இன்னும் அடங்காத சமயம். மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. பெயர் 'யூனிவர்ஸ்'. அமெரிக்க மாணவர்கள் நூற்றுக்கணக்கில் ஏறி, ஒரு செமஸ்டர் முழுவதும் கப்பலிலேயே பாடம் படித்துக்கொண்டு உலகைச் சுற்றிவரும் கப்பல். 1963-ல் தொடங்கிய ஏற்பாடு அது. ஹாங்காங் கப்பல் முதலாளி சி.ஒய். துங் இதற்காகவே 'குயீன் எலிசபெத்' என்ற மாபெரும் கப்பலை வாங்கிப் புதுப்பித்தாராம். அது கிளம்புவதற்குள் 1972 ஜனவரியில் ஹாங்காங் துறைமுகத்திலேயே எரிந்து சாய்ந்துவிட்டது. அப்புறமும் அவர் விடவில்லை, வேறு கப்பலைக் கொடுத்தார். இதையெல்லாம் எங்கள் பேராசிரியை சொல்லித்தான் தெரியும். வருகிறவர்களில் சிலருக்கு ஒருநாள் மதியச் சாப்பாடு போடக் குடும்பங்கள் வேண்டும் என்று அவர் கேட்டபோது, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் நான் கை தூக்கிவிட்டேன்.

என் வயதில் ஒரு பெண் வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தவருக்கு அறுபத்தெட்டு வயது. மாணவர்களோடு பெரியவர்களும் சிலர் பணம் கட்டிப் பயணம் செய்வார்கள் என்பதே அன்றுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் ஒத்துக்கொள்ளாமல், கால் வீங்கி, அதற்கு முந்தைய துறைகளில் அறையை விட்டு வெளியே வரவில்லை. மெட்ராஸில்தான் முதன்முதலாகக் கரை இறங்கினார். படியிறங்கியதும் தரை ஆடுவது போல இருந்தது, ஒரு துறைமுகத் தொழிலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டேன் என்றார்.

மெட்ராஸுக்காகவே உடம்பைத் தேற்றிக்கொண்டு இறங்கியதற்குக் காரணம் இருந்தது. ராமானுஜன் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா வேலை பார்த்தது இந்தத் துறைமுக அலுவலகத்தில்தான். 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பலில் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். அவர் படிப்புக்காகக் கப்பல் ஏறிய ஊரில் நான் படிப்புக்காக வந்து இறங்கியிருக்கிறேன் என்று அந்த அம்மையார் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. கணக்குப் பாடமே பிடிக்காத எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம், இரண்டு கட்டு ஓட்டுவீடு. சொம்புத் தண்ணீரின் கதை அவருக்குத் தெரியாது. மழை பொய்த்திருந்த காலம். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்கு ஹாரன் கேட்டால் தெருவே குடத்தோடு ஓடும். வராத நாட்களில் தெருமுனை அடிபம்புதான் கதி. அங்கேயும் பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும், குடம் இல்லாதவர்கள் இடம் பிடிக்கச் செங்கல்லை வைத்திருப்பார்கள். விருந்தாளி வருகிறார் என்பதற்காக அம்மா முந்தைய ராத்திரி லாரித் தண்ணீரைத் தனியாக எடுத்து, வெள்ளைத்துணியில் வடிகட்டி, காய்ச்சி, மூடிவைத்திருந்தாள். அதற்காக நாங்கள் யாரும் அன்று குளிக்கவில்லை.

கப்பலில் மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார், கரையில் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று. சரியான அறிவுரை. மஞ்சள்காமாலையும் வயிற்றுப்போக்கும் இல்லாத கோடைக்காலம் எங்கள் தெருவில் கிடையாது. இன்றைக்கு இது எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அம்மாவின் முகம்தான் தெரிந்தது.

அண்ணன் ஓடிப்போய் இளநீர் சீவிக்கொண்டு வந்தான். அதைக் குடித்தார். சாப்பாட்டில் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அம்மா கொஞ்சம் இளகினாள்.

சாயங்காலம் கபாலீசுவரர் கோயிலுக்குப் போனோம். மறுநாள் தி. நகரில் பனகல் பார்க் பக்கம் நடந்தோம், அந்த நெரிசலில் பாதியிலேயே போதும் என்றார். அங்கிருந்து அடையாறு, பிரம்மஞான சபைத் தோட்டம். ஆலமரத்தின் தாய்மரம் அப்போது நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். விழுதுகளை எண்ண முயன்று, முடியாது என்று சிரித்தார். 1989-ல் ஒரு சூறைக்காற்றில் அந்தத் தாய்மரம் சாய்ந்துவிட்டது. இப்போது போகிறவர்கள் பார்ப்பது விழுதுகளைத்தான்.

ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது கோயிலும் இல்லை, மரமும் இல்லை. அடையாறிலிருந்து திரும்பி வந்தபோது அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குக் கிளம்பினாள். அந்த அம்மையாரும் கூடவே எழுந்துவிட்டார். "வேணாம்னு சொல்லுடி, வயசானவங்க" என்று அம்மா பதறினாள். அவர் கேட்கவில்லை. வரிசையில் நின்றார். முறை வந்ததும் கைப்பிடியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். பம்பு கீச்சிட்டது. முதலில் காற்று, பிறகு செம்மண் கலங்கலாக ஒரு கக்கல், பிறகு விரல் தடிமனுக்குத் தண்ணீர். தெருவில் இருந்த அத்தனை பெண்களும் சுற்றி நின்றுகொண்டார்கள். பாதியில் அவருக்கு மூச்சு வாங்கவே, அம்மா கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். குடம் நிறைந்து வழிந்ததும் அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: அறுபத்திரண்டு.

பிறந்ததிலிருந்து அந்தப் பம்பை அடித்தவர்கள் நாங்கள். ஒரு குடத்துக்கு எத்தனை அடி என்று ஒருவர்கூட எண்ணியதில்லை. "நெசமாவா, அறுவத்திரண்டா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அம்மா அன்றைக்கு எத்தனை குடம் என்று விரல் விட்டுப் பெருக்கிப் பார்த்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கால் கழுவும்போது தண்ணீரைக் கொட்டினால், "எத்தனை அடி போச்சு தெரியுமா?" என்பாள். சாகும்வரை அதைச் சொன்னாள்.

அடுத்த துறையிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதற்குப் பிறகு தொடர்பு இல்லை.

ஓட்டுவீட்டை இடித்து அடுக்குமாடி கட்டி இருபது வருடம் ஆகிறது. அதே இடத்தில், இரண்டாம் மாடியில் இருக்கிறேன். தண்ணீருக்கு இந்த ஊர் படாதபாடு பட்டுவிட்டது. கிருஷ்ணா நீருக்கு 1983-ல் ஒப்பந்தம் போட்டு, 1996-ல் வந்து சேர்ந்தது. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், கிணறுகளில் நீர் ஏறியதை நானே பார்த்தேன், அந்த நன்றி எனக்கு உண்டு. 2004-ல் வீராணம். அப்புறம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். அத்தனைக்கும் பிறகு 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது நான் எண்ணியது லிட்டரை இல்லை, எத்தனை அடி என்றுதான்.

இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனால் அதை யாரும் குடிப்பதில்லை. வாரம் இரண்டுமுறை தம்பி ஒருவர் இருபது லிட்டர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறி வருகிறார். மயிலாப்பூரில் யார் வீட்டுக்குப் போனாலும் மூலையில் அந்த நீலக் கேன்தான். அந்த அம்மையார் ஒருவர் மட்டும் பாட்டிலோடு வந்த தெரு இது. அது ஒருநாள் அத்தனை பேர் கைக்கும் வரும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். எனக்கு இது வேதனையாகத்தான் இருக்கிறது. தண்ணீர் கொடுப்பதுதான் எங்கள் வீட்டு முதல் உபசாரம். அதை நானே கடையில் வாங்குகிறேன்.

போன மாதம் பேத்தி வந்திருந்தாள். ஆறு வயது, ஓ.எம்.ஆர். பக்கம் குடியிருக்கிறார்கள். விளையாடிவிட்டு வியர்த்து வந்தாள். அம்மாவின் அதே சொம்பில், சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் கொடுத்தேன். எட்டிப் பார்த்தாள். "ஃபில்டர் தண்ணியா பாட்டி?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதுவும் சரியான அறிவுரைதான்.

அன்று சாயங்காலம் அவளைத் தெருமுனைக்கு அழைத்துப் போனேன். பம்பு இன்னும் நிற்கிறது, துருப்பிடித்து, பாதி நடைபாதைக் கல்லுக்குள் புதைந்து. கைப்பிடி அசைந்தது. அறுபத்திரண்டு கதையைச் சொன்னேன். "நாமளும் அடிச்சுப் பாக்கலாமா?" என்றாள். நான் ஒருபக்கம், அவள் ஒருபக்கம் பிடித்து அடித்தோம். சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். இடையில் ஒருமுறை பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள். அப்போது முப்பத்தெட்டில் இருந்தோம்.