மாப்ளைக்கு ஒரு லித்தியம் யோசனை

வாரும் மாப்ளே, உக்காரும். லித்தியம் பேட்டரி வாங்கிட்டீராம்லா, ஊரே பேசிக்கிடுது. காசு ஏதுன்னு நான் கேக்க மாட்டேன். என் மக கையில வளையலக் காணோமேன்னும் கேக்க மாட்டேன். புது பேட்டரியக் கொண்டாந்து பழைய இன்வெர்ட்டர்லயே மாட்டிட்டீராம்லா, அதத்தான் கேக்கணும்.

நம்ம ஈய பேட்டரி, 1859-ல பிளான்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் செஞ்சது, கல்யாணப் பந்திக்கு வந்த கிழவனாட்டம். எண்பது சதம் மளமளன்னு உள்ள போகும். மிச்ச இருபதுக்குப் பாயசத்த நக்கிக்கிட்டு மணிக்கணக்கா எழுந்திரிக்காது. 14.4 வோல்ட்டுலயே பிடிச்சு வச்சாலும் கரண்ட்டக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் வாங்கும். அவசரப்படுத்தினா கொப்புளிச்சுத் தண்ணி வத்தும். 150 ஏஎச் பேட்டரிக்கு 15 ஆம்பியர் போதும்னு சொல்றது அதுக்குத்தான். நெறஞ்ச பெறகும் 13.6 வோல்ட்டக் காட்டித் தாஜா பண்ணணும். கொறையா வாங்கினத அப்படியே போட்டு வச்சா, தகட்டுல சல்பேட் படிஞ்சு சோலி முடிஞ்சது.

உம்ம லித்தியத்துக்கு இந்தப் பிகு கெடையாது. ஏறக்குறைய நெறையிற வரைக்கும் குடுக்குற கரண்ட்ட அப்படியே வாங்கிக்கிடும். 100 ஏஎச்சுக்கு 50 ஆம்பியர் குடுத்தா ரெண்டு மணி நேரந்தான். நீரும் டீக்கடையில அப்படித்தான் பீத்திக்கிட்டீராம். ஆனா உம்ம பழைய பொட்டி குடுக்குறது 15 ஆம்பியரு. கணக்குப் போட்டுப் பாரும், ஏழு மணி நேரம் வருது. இத நான் டீக்கடையில சொல்லல, மருமகன் மானம் முக்கியம்.

அது போகட்டும். சில பழைய சார்ஜர் அப்பப்ப 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தும். ஈயத்துக்கு அது மருந்து. நாலு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 14.6-தான் எல்ல. மீறினா பேட்டரிக்குள்ள காவலுக்கு இருக்குற பிஎம்எஸ் பட்டுன்னு கட் பண்ணும். அது இருக்குன்னு தெனமும் சோதிச்சுப் பாப்பீரா? லித்தியத்துக்குன்னு செட்டிங் உள்ள சார்ஜரு வாங்கும்.

இன்னொண்ணு. லித்தியம் எந்நேரமும் நெறஞ்சு கெடக்கணும்னு இல்ல. ஊருக்குப் போனா பாதி சார்ஜுல விட்டுட்டுப் போம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தப்படாதும்பாக, நம்ம ஊர்ல அந்தப் பயம் இல்ல. ஆனா நீரு வச்சிருக்கது அடுப்படிப் பரண்ல! நெறஞ்ச பேட்டரியும் சூடும் சேந்தா ஆயுசு கொறையும், எறக்கி வையும்.

ஆமா, நேத்து அஞ்சு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேனத் தூக்கிட்டுப் போனீராமே? லித்தியத்துல ஊத்த ஓட்டையே கெடையாது மாப்ளே. கேன இங்கன குடுத்துரும், என் ட்யூபுலர் ஈய பேட்டரி வத்திப்போய்க் கெடக்கு.