இதோ வந்துருச்சு!

கூட்டமாக நடந்து போகிற இடம் எதுவானாலும் அங்கே ஓர் ‘இதோ’க்காரர் இருப்பார். பழநிக்குப் பாதயாத்திரை போனாலும் இருப்பார், கிரிவலம் போனாலும் இருப்பார். கால் கடுத்துப்போய், “இன்னும் எவ்வளவு தூரம்ங்க?” என்று கேட்டால், “இதோ வந்துருச்சு” என்பார். வந்திருக்காது. அரை மணி கழித்து மறுபடி கேட்டால், அதே இரண்டு வார்த்தைகளைப் புத்தம் புதிதாக, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போலச் சொல்வார். ‘கூப்பிடு தூரம்’ என்ற அளவையைக் கண்டுபிடித்தவர் இவருடைய மூதாதையாகத்தான் இருக்க வேண்டும். யார் கூப்பிடுவது, எந்தக் குரலில் என்று அதில் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா?

இந்த இனத்தில் நான் பார்த்தவர்களுக்குள் தலைசிறந்தவர் இந்துமாக்கடலில், ரீயூனியன் தீவில் இருக்கிறார். என் அக்காவின் கணவர். புதுச்சேரியில் ‘சொல்தா’ வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் பிரெஞ்சுக் குடியுரிமை பிறக்கும்போதே வந்துவிட்டது. சேன் தெனி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். விடைக்குப் பக்கத்தில் ‘மீட்டர்’ என்று எழுத மறந்த பையனுக்கு அரை மார்க் குறைப்பவர். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பூட்ஸை மாட்டி மலைப்பாதையில் கால் வைத்துவிட்டால் அவருக்குத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான்: ‘கொஞ்சம்’.

தீவும் அவருக்கென்றே செய்து வைத்தது மாதிரி இருக்கிறது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலைகள் கடலடியிலிருந்து கக்கிக் கக்கிக் கட்டிய தீவு அது. நடுவில் 3,071 மீட்டர் உயரத்தில் பித்தோன் தே நேஜ் என்ற, அடங்கிப்போன எரிமலை. அதைச் சுற்றி, மலை சரிந்தும் மழை அரித்தும் உண்டான மூன்று பெரும் பள்ளங்கள்: சிலாவோஸ், சலாசி, மாஃபாத். மழையென்றால் சாதாரண மழையல்ல. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. இன்றுவரை உலக சாதனை. சிலாவோஸுக்குக் காரில் போகும் பாதையில் 400 வளைவுகள் என்பது ஊர்க்கணக்கு. “ரெண்டு திருப்பம்தான்” என்பது அத்தான் கணக்கு. அக்கா மகள் நாற்பத்தோராவது திருப்பத்தில் காலையில் சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஊர் நடைபாதைப் பலகைகளில் கிலோமீட்டர் போடுவதில்லை, மணிக்கணக்கு போடுகிறார்கள். நியாயம்தான். சுவர் மாதிரி நிற்கிற மலையில் தூரத்தைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? நம் பாட்டன்மார் ‘நாழிகை வழி’ என்றதும் இதே கணக்குதான். ஆனால் யாருடைய காலுக்கு இரண்டு மணி நேரம்? அந்தச் சந்தில் அத்தான் புகுந்துகொள்வார். “அது மழைக்காலத்துக்குப் போட்டது மச்சான்” என்பார் ஒரு நாள். “அது வயசானவங்களுக்கு” என்பார் இன்னொரு நாள். “அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு, நாம உள்ளூராச்சே” என்றும் ஒருமுறை சொன்னார். நான் விமானத்திலிருந்து இறங்கி அப்போது மூன்றாவது நாள்.

சீக்கிரமே அவர் பாஷை எனக்குப் பிடிபட்டது. ‘இதோ’ என்றால் 1 மணி நேரம். ‘இந்த மேடு தாண்டினா’ என்றால், தாண்டினால் அடுத்த மேடு தெரியும். ‘இதுக்கப்புறம் இறக்கம்தான்’ என்பது சத்தியமான வார்த்தை. இறக்கத்துக்கு அப்புறம் என்ன என்று நாம் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ‘சமமாத்தான் இருக்கும்’ என்றால் கைக்கும் காலுக்கும் சமமாக வேலை இருக்கும். ஒன்றுமே சொல்லாமல் திரும்பி வந்து ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தாரானால், அப்போதுதான் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இவருக்கு நேரெதிரான இனம் ஒன்றும் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. எங்கள் கூட்டத்தில் அது நான். பயணத்துக்கென்றே ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டியிருந்தேன். நடந்த தூரம், ஏறிய உயரம், இதயத் துடிப்பு எல்லாம் காட்டும். துடிப்பு கூடினால் மணிக்கட்டில் அதிர்ந்து எச்சரிக்கும். அது காட்டியதையெல்லாம் மாநிலச் செய்திகள் வாசிப்பது போல நான் அவ்வப்போது உரக்க வாசிப்பேன். யாரும் கேட்டதில்லை. கேட்காமலே வாசிப்பதுதான் எங்கள் இனத்தின் லட்சணம்.

மாஃபாத்துக்கு ரோடு கிடையாது. உள்ளே சில நூறு பேர் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் உண்டு, கடை உண்டு. சாமான்கள் ஹெலிகாப்டரில் வரும், மனிதர்கள் நடந்து வருவார்கள். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த பள்ளம் அது. அவர்களைப் பிடிக்க வந்தவர்களுக்கு வழிகாட்ட அத்தான் இருந்திருந்தால் ஒருவர்கூடப் பிடிபட்டிருக்க மாட்டார்கள்.

காலை நாலு மணிக்கே எங்களை எழுப்பிவிட்டார். “பத்து மணிக்கு மேல மேகம் வந்து மூடிக்கும்” என்றார். அவர் சொன்ன நேரங்களில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். எருதுக் கணவாய் என்று பொருள்படும் கொல் தே பெ என்ற இடத்திலிருந்து இறங்க ஆரம்பித்தோம். மற்ற மலைகளில் ஏறிப்போய் இறங்கி வருவோம். மாஃபாத் தலைகீழ் மலை. இறங்கிப்போய் ஏறி வர வேண்டும். கைமாற்றுக் கடன் மாதிரி, போகும்போது சுகமாகத்தான் இருக்கும்.

“இதோ, தமரென் சமவெளி வந்துரும், அங்கே உக்காரலாம்” என்றார். பிரெஞ்சில் தமரென் என்றால் புளி. என் மனைவி மனதுக்குள் ஒரு புளியந்தோப்பை நட்டு, அதன் நிழலில் பாயும் விரித்துவிட்டாள். ஒரு கை புளி எடுத்துப்போய் ராத்திரி ரசம் வைக்கலாமென்றும் யோசனை. போய்ச் சேர்ந்தால், உடம்பெல்லாம் பாசி தொங்க, சாய்ந்தும் படுத்தும் கிடந்தவை வேறு ஏதோ மரங்கள். வேலமரத்துக்கு உறவு, இந்தத் தீவில் மட்டுமே இயற்கையாக விளைவது, புளி என்பது பெயர் மட்டும். “அண்ணா, இந்த ஊர்ல மரமும் உங்கள மாதிரியே பேசுது” என்றாள்.

குருவியும் அப்படித்தான். ‘டெக்-டெக்’ என்று குரல் கொடுப்பதால் அதற்கு அதுவே பெயர். கொஞ்சமும் பயமில்லாமல் பக்கத்துக் கிளையில் வந்து உட்காரும். நாம் நெருங்கினால் அடுத்த கிளைக்குத் தாவி, இதோ இங்கேதான் என்பது போலத் திரும்பிப் பார்க்கும்.

லா நூவெல் என்ற ஊரில் ராத்திரி தங்கல். நடந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். சோற்றோடு வந்தது ‘காரி’, நம் கறிதான். தொட்டுக்கொள்ள ‘ருகாய்’, நம் ஊறுகாய் என்ற சொல்தான் இப்படி ஆயிற்று என்பார்கள். சௌசௌவுக்கு அங்கே ‘ஷூஷூ’. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு ‘மலபார்’. தமிழ்ப் பக்கத்திலிருந்து போனவர்களின் சந்ததிக்குத் தீவில் அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். ஒப்பந்தம் 5 வருஷத்துக்கு. அந்த 5 வருஷம் இன்னும் முடியாத குடும்பங்கள்தான் அங்கே ஊர் ஊராகக் கோவில் கட்டி, பாஞ்சாலிக்கு விழா எடுத்துத் தீ மிதிக்கின்றன. ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்று யாரும் கேட்காத நடை, தீவில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த மனிதருக்குப் பெயரில் மட்டும் தமிழ் மிச்சமிருந்தது, பேச்சு கிரெயோல். என் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்து, “தி பா, தி பா, நாரிவே” என்றார். சின்னச் சின்ன அடி, போய்ச் சேர்ந்துருவோம் என்று அத்தான் மொழிபெயர்த்தார். “பார்த்தியா மச்சான், இந்த ஊர் வேதமே இதான்!” அவர் முகத்தில் அன்று தெரிந்தது, குருகுலத்தைக் கண்டுகொண்ட சீடனின் பரவசம்.

மறுநாள் கடனை அடைக்கும் படலம். ஏறத்தாழ 500 மீட்டர் ஏற்றம். பாதி வழியில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னும் எவ்வளவுடா?” என்று பொதுவாகக் கேட்டாள். அத்தான் முன்னால் போயிருந்தார். எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் 260 மீட்டர் ஏறணும். இந்த வேகத்துல போனா 1 மணி 25 நிமிஷம்” என்றேன். அக்கா உட்கார்ந்தாள். அவள் மகள் உட்கார்ந்தாள். என் மனைவி உட்கார்ந்ததோடு நில்லாமல் பூட்ஸையும் கழற்றினாள். அரிச்சந்திரன் குடும்பம் ஏன் அப்படிச் சீரழிந்தது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

அத்தான் இறங்கி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். “கடிகாரத்த மேகம் குழப்பிடுச்சு. அந்தப் பாறை தெரியுதா? அதைச் சுத்தினா வந்துருச்சு” என்று சொல்லி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். எழுந்து நடந்தார்கள். பாறைக்கு அப்புறம் இன்னொரு பாறை, அதற்கு அப்புறம் ஒரு ஏணிப்படி, அதற்கு அப்புறம் கணவாய். என் கணக்கைவிட ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தோம். அதை நான் வாசிக்கவில்லை.

எரிமலைக்குப் போன அன்றுதான் அவர் தொழில் ஆட்டம் கண்டது. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி சீறும் எரிமலைகளில் ஒன்று. பா தெ பெல்கோம்ப் விளிம்பில் நின்றால், கீழே ஆறிப்போன குழம்பின் கறுப்புச் சமவெளி. அதன் ஓரத்தில் குழிநரியின் பெயர் வைத்த ஃபோர்மிக்கா லியோ என்ற சிவந்த குட்டி மேடு. அதற்கும் அப்பால் தலைமைக் கூம்பு. 500 சொச்சம் படிகள் இறங்கி, பாறையில் தீட்டிய வெள்ளைப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மறைக்க ஒரு மரமில்லை, தாண்ட ஒரு மேடில்லை. முன்னால் போனவர்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். எல்லாரும் அத்தானைப் பார்த்தோம். ஒரு நிமிஷம் திணறினார். பிறகு, “பார்க்கத்தான் தூரம்” என்றார். நிலாவைக்கூட இந்த மனிதர் அப்படித்தான் சொல்வார்.

ஆனால் ஒன்று. மேலே தொலோமியூ குழியின் விளிம்பில் நின்றபோது, 2007 ஏப்ரலில் இதன் தரை அப்படியே 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிவிட்டது என்று சொன்னார். “மறுபடி எப்பப்பா வெடிக்கும்?” என்று மகள் கேட்டாள். “அது யாருக்கும் தெரியாதும்மா” என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயால் கேட்டது அந்த ஒருமுறைதான்.

கடைசி நாள் தெற்குக் கடலோரம். காப் மெஷான், பொல்லாத முனை என்று பெயர். எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து உறைந்த கரும்பாறைச் சுவர். அதில் அலை மோதி வெள்ளையாகச் சிதறுகிறது. மேலே தாழை இனத்து மரங்களுக்கு நடுவே பாதை. சமமான பாதை. காற்று வேறு. யாருக்கும் கால் வலிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தான் வாடிப்போனார். வைத்தியர் ஊரில் எல்லாரும் சுகமாக இருந்தால் எப்படி? இரண்டு தடவை நின்று, “யாருக்காச்சும் டயர்டா இருக்கா?” என்று விசாரித்தார். மகளுக்கே பொறுக்கவில்லை. “அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?” என்றாள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “இதோ வந்துருச்சு குட்டி!”

நானும் அக்காவும் பின்தங்கி நடந்தோம். “எப்படிக்கா இவரோட?” என்றேன்.

“கல்யாணமாகி இங்க கூட்டிட்டு வர்றப்ப, ‘ரெண்டே வருஷம், அப்புறம் புதுச்சேரிதான்’னார். இருபத்தோரு வருஷமாச்சு.”

“நீ கேக்கறதில்லையா?”

“கேட்டா என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாதா?” சிரித்தாள். “அன்னைக்கு உன்னை மாதிரி ஒருத்தன் கடிகாரத்தப் பார்த்து, இருபத்தோரு வருஷம்னு சொல்லியிருந்தா நான் ஏரோப்ளேன் ஏறியிருப்பேனா? நீ சொல்லு.”

அந்தக் கேள்விக்குக் கடிகாரத்தில் பதில் இல்லை.

புதுச்சேரி வந்து பெட்டியை இறக்குவதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா எப்பப்பா வர்றாளாம்?”

எனக்கு விடை தெரியும். அத்தான் ஓய்வுபெற இன்னும் 9 வருஷம். வீட்டுக் கடன் 12 வருஷம். மகள் படிப்பு தனி. மீட்டரும் நிமிஷமும் சேர்த்து எழுதினால் அரை மார்க்கூடக் குறையாத விடை.

“இதோ, வந்துருவாம்மா” என்றேன்.

மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது.