புறங்கை நக்காத மகான்

தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்திருக்கிறோம். ராபர்ட் ரிஸோ அந்தக் கேவலத்துக்கு இறங்கியவர் அல்லர். அடையையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர். தீர்மானம், ஒப்பந்தம், கையெழுத்து எல்லாம் வைத்துத்தான்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஓர் ஊர். இரண்டரை சதுர மைல், சுமார் 35,000 ஜனம், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வழிவந்த கூலிக்காரக் குடும்பங்கள். 1993-இல் இங்கே நகர மேலாளராக வந்தபோது ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் 72,000 டாலர். 2010-இல் 7,87,637 டாலர். சலுகைகளையும் சேர்த்தால் 15 லட்சத்தைத் தொடும். அமெரிக்க அதிபருக்கு 4 லட்சம்தான். பாவம், அவர் பார்ப்பது ஒரே ஒரு நாட்டை. பெல்லில் குப்பையெல்லாம் அள்ள வேண்டும்.

கவுன்சிலர்களையும் அவர் பட்டினி போடவில்லை. இந்த அளவு ஊரில் கவுன்சிலருக்கு மாதம் 400 டாலர் கிடைப்பதுதான் அப்போது வழக்கம். இங்கே ஐவரில் நால்வருக்கு வருஷத்துக்கு லட்சத்தை ஒட்டி வந்தது. குப்பைக்கு ஓர் ஆணையம், உபரிச் சொத்துக்கு ஓர் ஆணையம், வீட்டுவசதிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனிப்படி. கூடினால் காபி ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். கூடாவிட்டாலும் படி உண்டு. சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் போட்ட கடிவாளத்தைக் கழற்ற 2005-இல் ஒரு தனித் தேர்தலே நடந்தது. வாக்குச்சீட்டில் சம்பளம் என்ற சொல்லே கிடையாது. விழுந்த வாக்கு 400-ஐக்கூட எட்டவில்லை.

இதற்கெல்லாம் காசு? சொத்துவரி விகிதம் பெவர்லி ஹில்ஸை விட அதிகம். போதாததற்குத் தெருவில் கார் வேட்டை. லைசென்ஸ் இல்லாதவர் சிக்கினால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். மீட்க நகராட்சிக்கு 300 டாலர். ரிஸோவுக்கு அது மூன்று மணி இருபது நிமிடத் தூக்கத்தின் சம்பளம். ஆம், தூங்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன். வண்டியைப் பறிகொடுத்தவருக்கு அது சில நாள் கூலி. வண்டியை மீட்கும்வரை இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

2008-இல் ஊர்க்காரர் ஒருவர், மேலாளர் சம்பளம் எவ்வளவு என்று நகராட்சியில் எழுதிக் கேட்டார். ஒரு தாளை நீட்டினார்கள்: மாதம் 15,478 டாலர். அப்பட்டமான பொய். ஆனாலும் சில்லறை எட்டு டாலரை விடாத கணக்குச் சுத்தத்தைப் பாருங்கள்!

ரிஸோவுக்குப் பந்தயக் குதிரைகளும் இருந்தன. அதில் ஒன்றுக்குப் பிரெஞ்சில் பெயர் வைத்திருந்தார். பணத்தைச் செலவழிப்பது என்று அர்த்தம். யாருடைய பணம் என்பதைக் குதிரையிடமும் சொல்லவில்லை.

2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் குட்டை உடைத்தது. இந்தத் தொகை யாருக்காவது தொண்டையில் சிக்கினால் தனியார் வேலைக்குப் போய் இதே பணத்தைச் சம்பாதிப்பேன் என்றார் ரிஸோ. எந்தத் தனியாரும் கூப்பிடவில்லை, போலீஸ் கூப்பிட்டது. 69 குற்றச்சாட்டுகளையும் அவர் எதிர்த்து வாதாடவில்லை. 2014-இல் 12 வருஷச் சிறை.

குட்டு உடையும்வரை 17 வருஷம் கவுன்சில் கூட்டத்தின் கதவு திறந்தேதான் இருந்தது. ஏன் யாரும் வந்து கேட்கவில்லை என்று அப்புறம் புத்திமான்கள் கேட்டார்கள். இரண்டு வேலை பார்க்கிறவன் எந்த நேரத்தில் வருவான்? அதிலும், காரை நீங்கள் இழுத்துக்கொண்டு போன பிறகு.