சின்ன வேலை மட்டும் பாக்கி
இந்தியாவில் சொந்தக் காருக்கான பதிவுச் சான்றாகிய ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியின் தகுதியைச் சோதித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2014இல் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800 ஒன்று வேப்பமரத்தடியில் சருகு மூடிக் கிடக்க, "சின்ன வேலைதான் சார்" என்று தரகர் கூறுவது இவ்விதிக்கு அவர் எழுதும் உரையாகும். ஆயில் மூடியின் அடியில் மோர்போல் வெளுத்த நுரை படிந்திருப்பின், எஞ்சினின் மேற்பகுதியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகி, ரேடியேட்டர் நீர் ஆயிலோடு கலந்ததோ என ஐயுற்று மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார். வாங்க வந்தவரோ, இரவல் பேட்டரியில் ஸ்டீரியோ பாடுவதைக் கேட்டு மயங்கி முன்பணத்தை எண்ணத் தொடங்குவார். வண்டி விலையைப் பழுதுச் செலவு விஞ்சுமா என்னும் கணக்கை அனைவரும் அறிவர்; எனினும் அதைக் கையொப்பமிட்ட பின்னரே போட்டுப் பார்ப்பது மரபு.